சால்வென்ட் காய்ச்சும் பாத்திரம் ஏன் ஓட்டையாகிறது?

சால்வென்ட் என்ற கரைப்பான் திரவத்தைக் காய்ச்சுகிற இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஸ்டீமால் சால்வென்ட்டைக் கொதிக்கவைக்கும் ரீபாய்லர் ஒழுகுகிறது. மெயின்டனன்ஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, "எஸ்.எஸ். தரம் சரியில்ல, 316 போட்டிருக்கணும்" என்பார் (எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 316 அதில் ஒரு தரம்). புரொடக்‌ஷன் ஆள், "பாய்லர் தண்ணிதான் காரணம்" என்பார். பாய்லர் ஆள் விடுவாரா? "உங்க சால்வென்ட்ல ஆசிட் வருது, என் ஸ்டீமைக் குறை சொல்லாதீங்க" என்பார். மூன்று பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் அரிப்பை ஏதோ ஒரே ஒரு கெட்ட பொருளின் வேலை மாதிரி பேசுகிறார்கள், அதனால்தான் புது ரீபாய்லர் வந்த இரண்டாவது வருஷமே அதே இடத்தில் மறுபடி ஒழுகுகிறது.

அரிப்புக்குக் கூட்டு வேண்டும். உலோகம், தண்ணீர், அமிலமோ ஆக்சிஜனோ ஏதாவது ஒன்று, அப்புறம் நேரம். இந்தக் கூட்டு எந்த இடத்தில் கூடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான் பார்த்த வரையில் அது பெரும்பாலும் ஆவி குளிர்ந்து முதல் துளி விழுகிற இடம், இல்லையென்றால் அந்தத் துளி வடியாமல் தேங்குகிற இடம்.

அடுப்படியிலிருந்து ஆரம்பிப்போம்

அரிவாள்மனையில் மாங்காய் நறுக்கிவிட்டுக் கழுவாமல் வைத்துப் பாருங்கள். காலையில் அலகு பழுப்பாகியிருக்கும். அதே அரிவாள்மனையைக் கழுவித் துடைத்து வைத்தால் ஒன்றும் ஆகாது. இரும்பு அதே இரும்பு, மாங்காயும் அதே மாங்காய். துடைத்தபோது அமிலமும் போனது, ஈரமும் போனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று, இட்லிப் பானை. உள்ளே முழுக்க ஆவி. மூடியைத் திறந்தால் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும், சாய்த்தால் விளிம்புக்கு ஓடி அங்கேயே தேங்கும். பானைக்குள் எல்லா இடத்திலும் ஒரே ஆவிதான் என்றாலும் நனைவது சில இடங்கள் மட்டும்தான். இரும்பு மூடியாக இருந்தால் முதலில் துருப்பிடிப்பது அந்த விளிம்பு. இந்த விளிம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தொழிற்சாலையில் இதே விளிம்பு பல பெயர்களில் திரும்ப வரும்.

ஏன் தண்ணீர் இல்லாமல் அரிப்பு நடக்காது? இரும்பு அரிபடும்போது அதன் அணுக்கள் எலக்ட்ரானை விட்டுவிட்டு நீருக்குள் கரைந்து போகின்றன. விட்ட எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், ஆக்சிஜனோ அமிலமோ அந்த வேலையைச் செய்யும். இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்க ஒரு ஈரப் படலம் வேண்டும். படலம் இல்லையென்றால் கடை மூடல். காய்ந்த ஆவி சும்மா தொட்டுக்கொண்டு போனால் இந்த வெப்பநிலையில் இரும்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

காய்ச்சும் ஏற்பாடு, சுருக்கமாக

மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலைகளில் எம்.டி.சி. எனப்படும் மெத்திலீன் டைகுளோரைடு, எத்தில் அசிடேட், டொலுயீன் எல்லாம் டன் கணக்கில் பயன்படுகின்றன. பயன்படுத்திய சரக்கைக் கொட்ட முடியாது, எரித்தால் நஷ்டம். அதனால் காய்ச்சி, ஆவியாக்கி, குளிரவைத்துத் திரும்பப் பிடிக்கிறார்கள். சூடு கொடுப்பது ஸ்டீம். அந்த ஸ்டீம் பாத்திரத்தைச் சுற்றியிருக்கும் ஜாக்கெட் என்ற இரட்டைச் சுவருக்குள்ளோ, ரீபாய்லர் என்ற குழாய்க் கொத்துக்குள்ளோ ஓடும். சூட்டைக் கொடுத்துவிட்டு ஸ்டீம் தண்ணீராகிவிடும், இந்தத் தண்ணீருக்குக் கன்டென்சேட் என்று பெயர். சால்வென்ட் ஆவியைக் குளிரவைப்பது கண்டென்சர்.

ஆக நடுவில் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு உலோகச் சுவர். ஒரு பக்கம் ஸ்டீம் தண்ணீராகிறது, மறுபக்கம் சால்வென்ட் கொதிக்கிறது. சுவர் இரண்டு பக்கமிருந்தும் அரிபடலாம், இரண்டு பக்கத்துக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஓட்டை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது என்று பார்க்காமல் உலோகத்தை மாற்றுவது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமலே பிடுங்குகிற மாதிரி.

ஸ்டீம் பக்கம்: சோடா பாட்டில் கதை

"ஸ்டீம் சுத்தமான தண்ணிதானே, அது என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். சுத்தமாக இருப்பதுதான் இங்கே சிக்கல், எப்படியென்று சொல்கிறேன்.

நம் ஊர் போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் உப்புகள் நிறைய. பாய்லருக்கு முன்னால் சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், பாய்லருக்குள் உப்புப் படிவு கட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் பைகார்பனேட்டைத் தொடாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: சாஃப்ட்னர் இருப்பதால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பாய்லர் சூட்டில் அந்தப் பைகார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. அது வாயு, அதனால் ஸ்டீமோடு சேர்ந்து குழாயில் பயணம் போகிறது. ஸ்டீம் ஆவியாக இருக்கும் வரை தொந்தரவு இல்லை. தண்ணீரான அடுத்த நொடி வாயு அதில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது, சோடா பாட்டிலில் இருக்கிற அதே அமிலம்.

சோடாவைக் குடித்தால் நமக்கு ஏப்பம்தான் வரும், இரும்புக்கு என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். இதற்கு பிஎச் என்ற அளவைப் பார்க்க வேண்டும். நீர் எவ்வளவு அமிலம் என்று சொல்லும் எண் அது, 7 நடுநிலை, ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும். கன்டென்சேட் சுத்தமான நீர் என்பதால் அமிலத்தைத் தாங்கிச் சமாளிக்க அதில் வேறு உப்பே கிடையாது. லிட்டருக்கு வெறும் 1 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலே பிஎச் 5.5 பக்கம் வந்துவிடும். சூடாக வேறு இருக்கிறது, நாள் முழுக்க ஓடிக்கொண்டும் இருக்கிறது.

ஒரு ஆலையில் கழற்றிப்போட்ட கன்டென்சேட் குழாய்த் துண்டை நீளவாக்கில் அறுத்துக் காட்டினார்கள். மேல் பாதி கிட்டத்தட்ட புதுசு மாதிரி கறுப்பாக, வழவழவென்று இருந்தது. கீழ்ப்பக்கம் மட்டும் வாய்க்கால் வெட்டியது போல நீளமாக ஒரு பள்ளம், எல்போ வளைவில் அது இன்னும் ஆழம், ஒரு இடத்தில் விரல் நுழையும் ஓட்டை. தண்ணீர் ஓடிய தடம் அப்படியே இரும்பில் எழுதியிருந்தது. கார்பானிக் அமிலத்தின் கையெழுத்து இதுதான். அதற்குப் பதிலாக ஆங்காங்கே குண்டூசியால் குத்தியது போல ஆழமான குழிகள் இருந்தால் ஆள் வேறு, அது ஆக்சிஜன்.

ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? பாத்திரத்தில் தண்ணீர் காயவைக்கும்போது கொதி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அடியில் சின்னச் சின்னக் குமிழி ஒட்டியிருக்குமே, அது கரைந்திருந்த காற்று வெளியேறுவது. அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். பாய்லருக்கு முன்னாலேயே தண்ணீரைச் சூடாக்கி இந்தக் காற்றை விரட்டும் தொட்டிக்கு டீஏரேட்டர் என்று பெயர். அதற்கும் தப்பிய மிச்சத்தைச் சோடியம் சல்ஃபைட் பிடித்துக்கொள்ளும், 1 பங்கு ஆக்சிஜனுக்குச் சுமார் 8 பங்கு சல்ஃபைட் செலவாகும். கணக்கைப் பாருங்கள், சூடாக்காமல் பச்சைத் தண்ணீரை விட்டுவிட்டு மருந்தால் மட்டும் சமாளிக்க நினைத்தால் எவ்வளவு கொட்ட வேண்டியிருக்கும்! கன்டென்சேட்டைச் சூடாகவே திரும்பப் பிடித்து, பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஃபீட் டேங்கில் சேர்ப்பது எரிபொருளை மட்டும் மிச்சப்படுத்தவில்லை, ஆக்சிஜனையும் குறைக்கிறது.

கார்பன் டை ஆக்சைடுக்கு என்ன வழி? வேரிலேயே வெட்டுவதென்றால் பைகார்பனேட்டையும் நீக்கும் ஆர்.ஓ. அல்லது டி.எம். (உப்புகள் நீக்கிய) தண்ணீர். அது முடியாத இடத்தில் மார்ஃபோலின், சைக்ளோஹெக்சைல் அமைன் போன்ற காரப் பொருள்களைப் பாய்லரில் விடுவார்கள். இவையும் ஸ்டீமோடு ஆவியாகப் போய், துளி விழும் இடத்திலேயே தாங்களும் இறங்கி அமிலத்தைச் சமன்செய்யும். எதிரி போகிற வண்டியிலேயே நம் ஆளையும் ஏற்றி அனுப்புவது. ஒரு எச்சரிக்கை: சில இடங்களில் ஸ்டீமை நேரடியாகச் சால்வென்ட்டுக்குள்ளேயே ஊதுவார்கள், அங்கே இந்த மருந்தும் சரக்கில் கலந்துவிடும். அது பரவாயில்லையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதுவரை பார்த்தது: ஸ்டீம் பக்கத்தில் இரும்பைத் தின்பது கன்டென்சேட், அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும். பள்ளம் என்றால் முதலாவது, குழி என்றால் இரண்டாவது.

வடியாத தண்ணீர்

மருந்து எல்லாம் சரியாகப் போட்டும் ஓட்டை விழுவதுண்டு. ஜாக்கெட்டின் அடியில் ஸ்டீம் டிராப் என்ற ஒரு வால்வு இருக்கும். தண்ணீரை வெளியே விடும், ஸ்டீமை விடாது. அது அடைத்துக்கொண்டாலோ, அதற்குப் பிறகுள்ள குழாய் மேல்நோக்கிப் போனாலோ தண்ணீர் ஜாக்கெட்டுக்குள்ளேயே தேங்கும். வெப்பநிலை ஏறிவிட்டதென்று கன்ட்ரோல் வால்வு தானாக ஸ்டீமைக் குறைக்கும்போதும் இதே கதைதான்: ஜாக்கெட்டில் அழுத்தம் விழுந்துவிடும், தண்ணீரைத் தள்ள ஆள் இருக்காது. பாதி தண்ணீர், பாதி ஸ்டீம், நடுவில் ஏறி இறங்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டோரம்தான் உலோகம் நனைந்து நனைந்து காயும். இட்லிப் பானை விளிம்பு இங்கே வந்துவிட்டது.

ஸ்டீமை மொத்தமாக அடைத்ததும் இன்னொன்று நடக்கும். 1 கிலோ தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். திரும்பத் தண்ணீரானால் அத்தனை இடமும் காலி, ஜாக்கெட்டுக்குள் வெற்றிடம். அந்த வெற்றிடம் தண்ணீரை வடியவும் விடாது, லூசான ஜாயின்ட் வழியாகக் காற்றையும் இழுக்கும். இதற்குத்தான் வேக்குவம் பிரேக்கர் என்ற சின்ன வால்வை மேலே வைப்பது. உள்ளே வெற்றிடம் ஆனால் அது திறந்து காற்றை விடும், தண்ணீர் வடிந்துவிடும். "காற்றை உள்ளே விடுவது ஆக்சிஜனை விடுவதுதானே?" என்று கேட்டால், ஆமாம். ஆனால் காற்றோடு காய்ந்த சுவர், காற்றோடு நனைந்து நிற்கும் சுவரைவிட எவ்வளவோ மேல்.

சால்வென்ட் பக்கம்: உடைந்தால் அமிலம்

டிரம்மில் இருக்கும் எம்.டி.சி.யில் இரும்பைப் போட்டால் ஒன்றும் ஆகாது. அதனால் "சால்வென்ட் அரிக்காது" என்று ஒரு நம்பிக்கை. காய்ச்ச வரும் சரக்கு அந்த டிரம் சரக்கு இல்லையே. அதில் தண்ணீர் கலந்திருக்கும், உப்பு இருக்கும், ரியாக்‌ஷனில் மிஞ்சிய அமிலமும் இருக்கலாம்.

தண்ணீரும் சூடும் சேர்ந்து ஒரு மூலக்கூற்றை உடைப்பதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். எம்.டி.சி. மாதிரி குளோரின் உள்ள சால்வென்ட் உடைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும். எத்தில் அசிடேட் உடைந்தால் அசிட்டிக் அமிலமும் எத்தனாலும். எத்தில் அசிடேட் 77 டிகிரியில் கொதிக்கும், அசிட்டிக் அமிலம் 118 டிகிரியில். அதனால் சரக்கு மேலே போகப் போக அமிலம் அடியில் சேர்ந்துகொண்டே வரும். சேர்ந்த அமிலமே அடுத்த உடைசலை வேகப்படுத்தும். கடன் வட்டி குட்டி போடுகிற கதைதான், அடிச்சரக்கை அவ்வப்போது வெளியே எடுக்காமல் மேலே மேலே புதுச் சரக்கை ஊற்றிக்கொண்டே போனால் சீக்கிரம் தெரியும்.

எம்.டி.சி.யில் அமிலம் வேறு வழியில் போகும். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக மேலே ஏறிவிடும். காய்ந்த ஆவியில் அது இருந்தாலும் உலோகத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. கண்டென்சரில் முதல் தண்ணீர்த் துளி உருவானதும் அத்தனை அமிலமும் அந்தத் துளிக்குள் பாயும், ஏனென்றால் சால்வென்ட்டைவிடத் தண்ணீரைத்தான் அதற்கு ரொம்பப் பிடிக்கும். லிட்டர் லிட்டராகச் சால்வென்ட், அதில் சில துளி தண்ணீர், அந்தத் துளிகளுக்குள் கெட்டியான அமிலம். மொத்தச் சரக்கைச் சோதித்தால் அமிலம் குறைவாகத்தான் காட்டும். கண்டென்சர் நுழைவாயிலும், அதற்குக் கீழே தண்ணீரைப் பிரிக்கும் செபரேட்டரும் மட்டும் ஏன் அரிபடுகின்றன என்று மண்டையைக் குடைந்துகொள்வார்கள். பிரிந்த தண்ணீரை எடுத்து பிஎச் பேப்பரை நனைத்துப் பார்த்தாலே போதும். எம்.டி.சி. தண்ணீரைவிடக் கனம், தண்ணீர் மேலே மிதக்கும், மாதிரி எடுப்பதும் சுலபம்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது சுவரின் சூடு. எம்.டி.சி. கொதிப்பது சுமார் 40 டிகிரியில். 7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) ஸ்டீமின் வெப்பநிலை ஏறத்தாழ 170 டிகிரி. லைனில் 7 பார் இருக்கிறது என்பதற்காக அதை அப்படியே ஜாக்கெட்டில் திறந்துவிடுகிறார்கள்! பாத்திரத்தின் தெர்மாமீட்டர் 40 காட்டும், சுவரை ஒட்டிய படலத்துக்குத்தானே தெரியும் அது படும் பாடு. சரக்கின் அளவு குறைந்து சுவரில் ஒரு பகுதி காய்ந்துவிட்டால் இன்னும் மோசம், காய்ந்த பிசின் கருகி அங்கேயே ஒட்டும், அதற்கடியில் அமிலம் பதுங்கும். ஸ்டீமை வைத்துத் தண்ணீரைச் சூடாக்கி, 60, 70 டிகிரி வெந்நீரை ஜாக்கெட்டில் சுற்றவிட்டாலே எம்.டி.சி. தாராளமாகக் கொதிக்கும். அதற்கும் மனமில்லையென்றால் ஸ்டீம் அழுத்தத்தையாவது குறையுங்கள், 3 பாரில் 144 டிகிரிதான்.

காய்ச்சும் முன் சரக்கைக் கழுவி அமிலத்தைச் சமன்செய்வதும், தண்ணீரை முடிந்தவரை பிரித்தெடுப்பதும் அடுத்த காவல். சோடா ஆஷ், பைகார்பனேட் மாதிரி மிதமான காரம் போதும். அமிலம் என்றதும் காஸ்டிக் சோடா என்ற கடும் காரத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு, வேண்டவே வேண்டாம். எத்தில் அசிடேட்டைக் காஸ்டிக் தானே உடைத்துவிடும். டிரைகுளோரோஎத்திலீனோடு காஸ்டிக் சேர்ந்தால் டைகுளோரோஅசிட்டிலீன் என்கிற வெடிக்கும் பொருளே உருவாகும். கழுவும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும், சில சால்வென்ட்களில் உடையாமல் இருக்க எத்தனால், மெத்தனால் போன்றவற்றைக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள், ஸ்டெபிலைசர் என்று பெயர். அதுவும் கழுவுநீரோடு போய்விடும். திரும்பப் பிடித்த சரக்கு புதுச் சரக்கைவிடப் பலவீனமாக இருக்க இது ஒரு காரணம்.

சுருக்கமாக: சால்வென்ட்டோடு தண்ணீரும் மிகுந்த சூடும் சேர்ந்தால் அமிலம் பிறக்கும். எத்தில் அசிடேட்டில் அது அடியில் சேரும், எம்.டி.சி.யில் கண்டென்சரின் முதல் துளியில் சேரும்.

எவர்சில்வர் என்ற பெயர்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு எவர்சில்வர் என்று யார் பெயர் வைத்தார்களோ, நல்ல விற்பனையாளர். அது துருப்பிடிக்காமல் இருப்பது அதிலுள்ள குரோமியம், காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்வதால். கீறினால் தானே ஆறிவிடும் தோல். ஆனால் குளோரைடு, அதாவது சாதாரண உப்பில் இருக்கும் அதே பொருள், அந்தத் தோலை ஊசி மாதிரி துளைக்கும். எவர்சில்வர் டப்பாவில் ஊறுகாய் போட்டு மாதக்கணக்கில் வைத்தவர்களுக்குப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்தது ஞாபகம் வரும். பாட்டிமார்கள் பீங்கான் ஜாடியை விட்டுக்கொடுக்காததில் அர்த்தம் இருக்கிறது. ஆலையில் அந்த ஜாடிக்கு ஈடு, உள்ளே கண்ணாடி பூசிய கிளாஸ் லைன்டு பாத்திரம்.

316 என்பது 304 தரத்தோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்தது. உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே. சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு முன்னால் 304-ம் ஒன்றுதான், 316-ம் ஒன்றுதான். இதைவிடப் பயங்கரமானது விரிசல். குளோரைடு, இழுவிசை, சூடு மூன்றும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தேயாமலே கிளைகிளையாக வெடித்துவிடும், தகைவு அரிப்பு விரிசல் என்பார்கள். 60 டிகிரியைத் தாண்டினால் இதற்குப் பயப்பட வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. வெல்டிங் செய்த இடத்தில் இழுவிசை ஏற்கெனவே உறைந்து கிடக்கும், அதனால் வெல்டுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

இந்தக் குளோரைடு சால்வென்ட் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. பல ஆலைகளில் ஒரே ஜாக்கெட்டில் காலையில் ஸ்டீம், மதியம் கூலிங் வாட்டர், ராத்திரி குளிர்ந்த பிரைன் ஓடும். பிரைன் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு கரைசல். அதை முழுதாக வடிக்காமல் அடுத்த பேட்ச்சுக்கு ஸ்டீம் திறந்தால் தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு சுவரில் இறுகும், ரசம் பொங்கி வழிந்த பாத்திரத்தின் வெளியே வெள்ளையாகக் காய்ந்திருப்பது போல. சூடு, உப்பு, வெல்டு எல்லாம் ஒரே இடத்தில். பிரைனுக்கும் ஸ்டீமுக்கும் நடுவில் காற்றால் ஊதி வடித்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும், பத்து நிமிஷ வேலை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் இந்தப் பத்து நிமிஷம்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

ஜாக்கெட்டில் கட்டிய துருவையும் உப்பையும் எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றும் பழக்கமும் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஜாக்கெட்டுக்கு அது விஷம். கிளாஸ் லைன்டு பாத்திரத்தின் இரும்பு ஜாக்கெட்டில் ஊற்றினால் வேறு விபரீதம்: அமிலம் இரும்போடு சேர்ந்து உண்டாகும் ஹைட்ரஜன் அணுக்கள் இரும்பை ஊடுருவி, அந்தப் பக்கம் போய்க் கண்ணாடிப் பூச்சைப் பின்னாலிருந்து செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். உள்ளே யாரும் தொடவே இல்லை, கண்ணாடி மட்டும் உதிர்ந்திருக்கும்.

வெளிப்பக்கமும் மறக்கக்கூடாது. சூடு போகாமல் சுற்றியிருக்கும் ராக்வூல் மழையில் நனைந்தால் ஈரத்துணி போர்த்திய மாதிரிதான். கடலூர் சிப்காட் மாதிரி கடலோர இடங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். மேலே போட்ட அலுமினியத் தகட்டில் ஒரு ஜாயின்ட் பிரிந்திருந்தால் அதை அன்றைக்கே மூடுங்கள்.

ஓட்டை விழுந்துவிட்டால்

நிறைய பேர் தவறாக நினைப்பது இதைத்தான்: ஸ்டீம் பக்கம் அழுத்தம் அதிகம், அதனால் ஓட்டை விழுந்தால் ஸ்டீம்தான் சால்வென்ட்டுக்குள் போகும், வெறும் தண்ணீர்தானே என்று. ஓடும்போது அப்படித்தான். அப்போதே சரக்கில் தண்ணீர் ஏறி அமிலம் வேகமாகப் பிறக்கும், ஓட்டை தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்ளும். ஸ்டீமை அடைத்து ஜாக்கெட்டில் வெற்றிடம் வந்ததும் திசை திரும்பிவிடும், சால்வென்ட் ஜாக்கெட்டுக்குள் உறிஞ்சப்பட்டு, அடுத்த பேட்ச் ஆரம்பிக்கும்போது கன்டென்சேட்டோடு சேர்ந்து பாய்லர் ரூமுக்குப் போகும். எம்.டி.சி. என்றால் பாய்லருக்குள் குளோரைடும் அமிலமும். டொலுயீன் என்றால் நெருப்பு எரிகிற இடத்துக்குத் தீப்பிடிக்கும் சரக்கு.

அதனால் சால்வென்ட்டைச் சூடாக்கிய கன்டென்சேட்டை நேராகப் பாய்லருக்குத் திருப்பக்கூடாது. ஒரு தொட்டியில் நிறுத்தி, பார்த்துவிட்டு விட வேண்டும். உப்போ அமிலமோ கலந்தால் கண்டக்டிவிட்டி மீட்டர் காட்டிக்கொடுக்கும். டொலுயீனை அது காட்டாது, டொலுயீன் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் முள் அசையவே அசையாது. அதற்குத் தண்ணீரின் மேலே மிதக்கும் படலத்தைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் லேபுக்கு அனுப்ப வேண்டும். மூக்கை வைத்து மோந்து பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்தக் குடுவையில் வரும் தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் சரி. டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் அது உங்கள் குழாயின் இரும்பு, கரைந்து வந்துகொண்டிருக்கிறது. பொங்கலுக்கு நான்கு நாள் லீவு விட்டு ஆலையைத் திறக்கும் அன்று முதல் குடுவை பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் வரும், லீவுக்கு முன் ஜாக்கெட்டை யாரும் வடித்திருக்க மாட்டார்கள்.